பின்கண்ணாடியும் இன்சூரன்சும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

காலை எட்டு மணிக்குப் பல்லடம் சாலையிலோ மங்கலம் சாலையிலோ சற்று நேரம் நின்று பார்த்தால், பின்கண்ணாடி இல்லாத வண்டிகள் ஒன்றிரண்டேனும் கண்ணில் படும். கண்ணாடி இருந்த இடத்தில், துணி ரோலைச் சுற்றி வரும் பாலித்தீன் உறையை விரித்துப் பழுப்பு நிற டேப்பால் ஒட்டியிருப்பார்கள். வண்டி ஓடும்போது அது படபடவென அடித்துக்கொள்ளும். மழைக் காலத்தில் உள்ளிருக்கும் துணியும் நனையும். இவையெல்லாம் இன்சூரன்ஸ் இல்லாத வண்டிகளா என்றால், பெரும்பாலும் அல்ல. "கண்ணாடிக்கெல்லாம் கம்பெனிக்காரர்கள் தரமாட்டார்கள்" என்று ஒரு சாராரும், "எது உடைந்தாலும் தந்துதான் ஆகவேண்டும்" என்று மற்றொரு சாராரும் நம்மூரில் கூறக் கேட்கிறோம். இரண்டுமே பாதி உண்மை. மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் இக்கட்டுரையில் எடுத்துரைக்கிறேன்.

கண்ணாடியின் இயல்பு

இயற்பியல் மாணவன் என்பதால் கண்ணாடியிலிருந்தே தொடங்குகிறேன். காரின் முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் அவற்றின் பிறப்பு வேறு. முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பாலிவினைல் பியூட்டிரால் என்னும் நெகிழ்வான படலத்தை வைத்து ஒட்டிய அடுக்குக் கண்ணாடி. கல் பட்டால் விரிசல் விடுமேயன்றி உதிர்ந்து கொட்டாது. சிறு புள்ளி அளவே சேதம் என்றால் பிசினை இறக்கி அடைத்துவிடவும் முடியும்.

பின்கண்ணாடி பெரும்பாலும் கடினமாக்கப்பட்ட ஒற்றைத் தகடு. கடைக்காரர்கள் 'டஃபன்' கண்ணாடி என்பார்கள். தகட்டை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, இரு புறமும் காற்றை வேகமாகப் பாய்ச்சிச் சட்டென்று குளிர்விப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது. உட்புறம் பிறகு மெல்லக் குளிர்ந்து சுருங்க முயலும்போது, ஏற்கெனவே இறுகிவிட்ட மேற்பரப்பைத் தன்னை நோக்கி இழுக்கிறது. ஆகவே மேற்பரப்பு எப்போதும் அமுக்கத் தகைவிலும், நடுப்பகுதி எப்போதும் இழுவிசைத் தகைவிலும் இருக்கின்றன. இந்த அமுக்கம்தான் கண்ணாடிக்கு வலிமை. நடுவில் ஒரு துணி மூட்டை சாய்ந்தால் அது தாங்கிக்கொள்கிறது. ஆனால் கூர்மையான இரும்பு முனை ஓரத்தில் பட்டு, அமுக்க அடுக்கைத் துளைத்து உள்ளே சென்றுவிட்டால், அடைபட்டுக் கிடந்த ஆற்றல் முழுதும் ஒரே கணத்தில் வெளிப்படுகிறது. கண்ணாடி கற்கண்டுத் துண்டுகளைப் போலச் சிதறிக் கொட்டுகிறது. துண்டுகளுக்குக் கூர்மை குறைவு என்பதால் உடலைக் கிழிப்பதில்லை. அதனால்தான் இதற்கும் பாதுகாப்புக் கண்ணாடி என்று பெயர்.

பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞர்களை வியக்க வைத்த ரூபர்ட் துளிகளும் இதே தத்துவத்தைச் சேர்ந்தவையே. உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டால் வாலுடன் கூடிய ஒரு துளி கிடைக்கும். அதன் தலையைச் சுத்தியலால் தட்டினாலும் தாங்கும். வாலைக் கிள்ளினால் மொத்தமும் தூள் தூளாகிவிடும்.

இதையெல்லாம் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. கடினமாக்கிய கண்ணாடியை ஒட்டவும் முடியாது, பிறகு அளவுக்கு வெட்டவும் முடியாது. பின்கண்ணாடி உடைந்தால் அந்த வண்டிக்கென்று வார்த்த முழுக் கண்ணாடியையே வாங்கி மாற்ற வேண்டும். பனிமூட்டத்தைப் போக்கும் மின்கம்பிக் கோடுகள் அதில் பதிந்திருந்தால் விலை இன்னும் கூடும். எனவே செலவில் சிறியது, பெரியது என்ற பேரமே இதில் இல்லை.

எந்த இன்சூரன்ஸ்?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு, சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் காப்பீடு வேண்டும் என்கிறது. ஆனால் அச்சட்டம் கேட்பது மூன்றாம் நபருக்கான காப்பீடு மட்டுமே. நம் வண்டியால் பிறருக்கு நேரும் உயிரிழப்பு, காயம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கு அது ஈடு. நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கு அது ஒரு காசும் தராது. நம் வண்டியையும் சேர்த்துக் காப்பதற்கு 'சொந்தச் சேதம்' என்ற பகுதியும் உள்ள முழுப் பாலிசி வேண்டும். நம்மூரில் அதைப் 'பம்பர் டு பம்பர்' என்றும் 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்றும் மாற்றி மாற்றி வழங்குவார்கள். (உண்மையில் பம்பர் டு பம்பர் என்பது தேய்மானக் கழிவு இல்லாத, கூடுதல் கட்டணமுள்ள வேறொரு வகை.)

இங்கே ஒரு செய்தி. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் டாக்டர் எஸ். இராஜசேகரன், சாலை விபத்துகளில் மடிவோரைக் கண்டு மனம் பொறாது 2012இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் 2018 ஜூலையில் பிறந்த ஆணையின்படி, அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டும், இருசக்கர வண்டிகளுக்கு ஐந்து ஆண்டும் சேர்த்தே மூன்றாம் நபர் காப்பீடு எடுக்க வேண்டும் என்றாயிற்று. காயம்பட்டவர் குடும்பத்துக்கு இது பெரும் நன்மை. நம் பக்கத்து ஊர் மருத்துவர் ஒருவரால் நாடு முழுதும் நேர்ந்த நன்மை. ஆனால் இதிலிருந்தே ஒரு குழப்பமும் கிளைத்தது. புதுக் கார் வாங்கும்போது மூன்றாம் நபர் பகுதி மூன்று ஆண்டுக்கும், சொந்தச் சேதப் பகுதி பெரும்பாலும் ஓராண்டுக்கும் தரப்படுகின்றன. தாளில் மூன்றாண்டு என்று கண்டவர் பெட்டியில் பத்திரமாக வைத்துவிடுகிறார். இரண்டாம் ஆண்டில் கண்ணாடி உடைந்து தாளை எடுத்துப் பார்க்கையில்தான், சொந்தச் சேதப் பகுதி முடிந்து பல மாதங்கள் ஆனது தெரியவருகிறது. 2019 செப்டம்பர் முதல் அந்தப் பகுதியை மட்டும் தனியாகவே எடுத்துக்கொள்ள வசதி உண்டு.

சொந்தச் சேதப் பகுதி எவற்றுக்கு ஈடு தரும்? தீ, இடி, திருட்டு, கலவரம், வேலைநிறுத்தம், நிலநடுக்கம், வெள்ளம், புயல், ஆலங்கட்டி மழை, புறக்காரணத்தால் நேரும் விபத்து, பிறர் வேண்டுமென்றே செய்யும் நாசம் என்று பட்டியல் நீளும். பந்து பட்டு உடைந்தாலும், பையைத் திருட ஒருவன் உடைத்தாலும், பின்னால் வந்த லாரி இடித்தாலும் பின்கண்ணாடி இதற்குள் அடங்கும்.

இதில் மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று உண்டு. வண்டியின் பிற பாகங்களுக்கு வயதுக்கேற்பத் தேய்மானம் கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி போய்விடும். இரும்புப் பாகத்துக்கு ஐந்தாண்டு கடந்தால் 40 விழுக்காடு போகும். கண்ணாடிக்கு மட்டும் தேய்மானமே கிடையாது. பத்து ஆண்டு ஓடிய வண்டியானாலும் கண்ணாடியின் முழு விலை கணக்கில் வரும். அதிலிருந்து கட்டாயக் கழிவு ஒன்று உண்டு: 1500 சி.சி. வரையுள்ள தனியார் காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாய். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கில் பாதி நம் கையிலிருந்து போகும். கண்ணாடியில் எழுதியிருந்த குலதெய்வத்தின் பெயருக்கும் பிள்ளைகளின் பெயருக்கும் யாரும் பணம் தரமாட்டார்கள்.

கேட்பதா, விடுவதா?

பணம் கிடைக்கும் என்பதற்காகவே கேட்டுவிடலாமா? இங்கேதான் கணக்குப் போட வேண்டும். ஓர் ஆண்டு எதுவும் கோராதிருந்தால் அடுத்த ஆண்டின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 விழுக்காடு தள்ளுபடி. தொடர்ந்து கோராதிருந்தால் அது 25, 35, 45, 50 என்று ஏறும். இதுவே நோ கிளெய்ம் போனஸ். ஒரு முறை கோரினால் அடுத்த ஆண்டு தள்ளுபடி சுழியாகி, ஏணியின் அடியிலிருந்து மீண்டும் ஏற வேண்டும்.

ஒருவர் இப்போது 35 விழுக்காட்டுப் படியில் இருப்பதாகக் கொள்வோம். கோராவிட்டால் வரும் ஆண்டுகளில் அவருக்கு 45, 50, 50, 50, 50 கிடைக்கும். கோரினால் 0, 20, 25, 35, 45. ஒவ்வோர் ஆண்டின் வேறுபாட்டையும் கூட்டினால் 45, 30, 25, 15, 5 ஆக மொத்தம் 120. அதாவது தள்ளுபடிக்கு முந்தைய ஓராண்டுப் பிரீமியத்தைப் போல 1.2 மடங்கை அவர் ஐந்தாண்டில் சிறுகச் சிறுக இழக்கிறார். அந்தப் பிரீமியம் 8,000 ரூபாய் என்றால் இழப்பு 9,600. கண்ணாடிக்காக அவருக்குக் கிடைப்பது 5,000 என்றால், கோராமல் கைப்பணத்தில் மாற்றிக்கொள்வதே மேல். அதே பிரீமியம் 3,000 என்றால் இழப்பு 3,600தான்; கோருவது லாபம்.

மற்றப் படிகளுக்கும் இவ்வாறே போட்டுப் பார்த்தேன். தள்ளுபடியே இல்லாத முதலாண்டுக்காரருக்கு இழப்பு ஓராண்டுப் பிரீமியத்தில் 50 விழுக்காடு. 20இல் இருப்பவருக்கு 80. 25இல் இருப்பவருக்கு 105. 45, 50 படிகளில் இருப்பவருக்கு 125. வண்டி பழசாகப் பழசாக அதன் மதிப்போடு பிரீமியமும் குறையுமாதலால் உண்மை இழப்பு இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். இடையில் வேறு விபத்து நேர்ந்தாலும் கணக்கு மாறும். எனினும் முடிவெடுக்க இது போதும். போனசைக் காப்பதற்கென்றே கூடுதல் கட்டணத்தில் ஒரு பிரிவைச் சில கம்பெனிகள் தருகின்றன. அதை எடுத்தவருக்கு இந்தக் கவலை இல்லை.

சாம்பிள் போகலாம், சரக்கு போகலாகாது

இதுவரை சொன்னவை எந்த ஊருக்கும் பொருந்தும். இனிச் சொல்வது திருப்பூருக்கே உரியது.

நமது தொழிலில் ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை என்பது நாம் அறிந்ததே. நூல் கோன் நிட்டிங்குக்குப் போகிறது. துணி டையிங்குக்குப் போகிறது. பிறகு காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், பவர் டேபிள், செக்கிங், அயனிங், பேக்கிங். ஒவ்வொன்றும் ஒரு வீதியில், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு வண்டி. லாரியும் சரக்கு ஆட்டோவும் சுமப்பது ஒரு பங்கு. சிறு ஜாப் ஒர்க்காரர்கள் பலர் வாடகையை மிச்சப்படுத்தத் தங்கள் சொந்த ஆம்னியின் பின்சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு அதிலேயே ஏற்றுகிறார்கள். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து, அதாவது தனியார் வண்டி.

தனியார் கார் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்று சிறிய எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். அதன் சாரம் இது: வாடகைக்கும் கூலிக்கும் ஓட்டக் கூடாது, பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் கூடாது, மோட்டார் வியாபாரத்துக்குக் கூடாது, சாம்பிளும் சொந்த மூட்டை முடிச்சும் நீங்கலாகச் சரக்கு ஏற்றக் கூடாது.

சாம்பிள் என்ற சொல்லை அங்கே கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாம்பிள் என்றால் என்னவென்று இந்தியாவில் நம்மைவிட நன்றாக அறிந்த ஊர் எது? பையர் பார்த்து ஒப்புக்கொள்ள எடுத்துச் செல்லும் பத்து பீஸ் காரில் போகலாம். அவர் ஒப்புக்கொண்ட பிறகு, அதே ஆர்டரின் பத்தாயிரம் பீஸ் அதே காரில் போகலாகாது. பாலிசி எழுதியவர் நம்மூரை மனத்தில் வைத்தா எழுதினார்? எனினும் நம்மூரின் பிழைப்பு முழுதும் அந்த ஒரு வரியின் இரு புறமும் கிடக்கிறது.

எங்கள் வீதியில் ஆறு பவர் டேபிள் போட்டு நடத்தும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். காம்பாக்டிங் முடிந்த துணியை ஆம்னியில் ஏற்றி வரும்போது, வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டது. ரோல்களுக்கு நடுவே செருகியிருந்த இரும்புக் குழாயின் முனை பின்கண்ணாடியின் ஓரத்தில் இடித்தது. மேலே சொன்ன இயற்பியல் அப்படியே நடந்தேறியது. ஒர்க்ஷாப்பில் இருந்தவர்கள், "ரோட்டுல கல்லு தெறிச்சுதுன்னு எழுதிக் குடுத்துருங்க, வந்துரும்" என்றார்களாம். அண்ணன் கேட்கவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். வீதியில் வரும் ஆங்கிலக் கடிதங்கள் இப்போது என்னிடம்தான் வருகின்றன.

சரக்கு ஏற்றியதால் வரம்பு மீறப்பட்டது, ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்பது கடிதத்தின் பொருள். படித்துச் சொன்னேன். "அப்போ பொய் சொன்னவனுக்குக் குடுப்பாங்க, நெசத்தைச் சொன்னவனுக்கு இல்லைங்கிறாங்களா கண்ணு?" என்று கேட்டார். கழிக்க வேண்டியதைக் கழித்தால் இரண்டாயிரம் ரூபாய் தேறும். அதற்காக அவர் வருந்தவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அவருடைய கேள்விக்கு விடை தேடியபோதுதான் உச்ச நீதிமன்றத்தின் 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றைப் பற்றி அறிந்தேன். அவ்வழக்கில் தனியார் காரை வாடகைக்கு ஓட்டியபோது விபத்து நேர்ந்து, கம்பெனி ஒரு காசும் தர மறுத்தது. வரம்பு மீறல் உண்மைதான் என்றாலும் கோரிக்கையை அடியோடு தள்ளுவது முறையன்று என்று நீதிமன்றம் கூறிற்று. இத்தகைய மீறல்களில் ஏற்கத்தக்க தொகையில் 75 விழுக்காடு வரை தரலாம் என்ற காப்பீட்டுத் துறையின் வழிகாட்டு நெறியையும் அது எடுத்துக்காட்டியது. இரண்டு ஆண்டு முன்பு, 2008இல், வாடகைக்கு ஓடிய தனியார் வண்டி திருடு போன வழக்கிலும் 75 விழுக்காடு வழங்கப்பட்டிருந்தது. இவை எல்லா வழக்குக்கும் தாமாகவே பொருந்திவிடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் 'நிராகரிக்கப்படுகிறது' என்ற ஒரு சொல்லோடு கதை முடிவதில்லை என்பதற்கு இவை போதுமான சான்று.

கண்ணாடி போனால் இரண்டாயிரத்தோடு போயிற்று. அந்த வண்டி ஒருவர் மேல் மோதினால்? வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டியிருந்தால், பாதிக்கப்பட்டவருக்குத் தரும் இழப்பீட்டிலிருந்தும் விலகிக்கொள்ளக் கம்பெனி நீதிமன்றத்தில் வாதாடச் சட்டத்தில் இடமுண்டு. அவருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாவதும் உண்டு. அந்தத் தொகை இலட்சங்களில் இருக்கும். ஆறு பவர் டேபிளையும் விற்றாலும் அது அடையாது. பக்கத்து வீட்டுக்காரரின் துணியையும் 'போகிற வழிதானே' என்று பணம் வாங்கி ஏற்றுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மஞ்சள் பலகைச் சரக்கு வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. சரக்கு ஏற்றவே பிறந்தது அது. 2005இல் வந்த டாட்டா ஏஸ், 'குட்டி யானை' என்ற பெயரோடு நம் வீதிகளில் நிறைந்ததற்கு அதன் சிறிய உடலும் ஒரு காரணம். ஆயினும் அதன் பாலிசியில் வேறு முள் இருக்கிறது: அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியதால் நேர்ந்த சேதத்துக்கு ஈடு கிடையாது. ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள சிறு கண்ணாடிக்குக் கம்பி வலை அடித்திருப்பவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

கோரும் முறை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடித் தூளைப் பெருக்கித் தள்ளுவதற்கு முன்பே வண்டி எண் தெரியப் படம் எடுக்க வேண்டும். கம்பெனிக்குத் தகவல் சொல்லாமல் புதுக் கண்ணாடி மாட்டக் கூடாது. மாட்டிவிட்டுப் பில்லை மட்டும் நீட்டினால், உடைந்ததற்குச் சாட்சி எங்கே என்பார்கள். திருட்டோ, எவரேனும் வேண்டுமென்று உடைத்ததோ என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து இரசீது பெற வேண்டும். புதுக் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டச் சொல்லும் நண்பர்களுக்கு ஒரு சொல்: பின்கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு ஒளியை உள்ளே விட வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி.

மறுப்புக் கடிதம் வந்தால் முதலில் அக்கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, பதில் நிறைவளிக்கவில்லையென்றாலோ, சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. திருப்பூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது.

அண்ணனுக்காக நான் எழுதிய கடிதத்தில் 75 விழுக்காட்டைத்தான் கேட்டிருக்கிறோம். முழுத் தொகையைக் கேட்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். பதிவுத் தபாலில் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. இதற்கிடையே துணி ஏற்ற ஒரு சரக்கு ஆட்டோவை மாத வாடகைக்குப் பேசியிருக்கிறார். கட்டிங் முடிந்த சாம்பிள் மட்டும் ஆம்னியில் போகிறது.